கிணற்றுச் சுவரின் உள்பக்கம்

வேப்பலூரணியில் ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், யாரும் கேட்காமலும் யாருக்கும் சொல்லாமலும், ஊரிலிருந்த அத்தனை உபயப் பலகைகளும் தங்கள்மேல் எழுதியிருந்த பெயரை அழித்துவிட்டு வேறு பெயர்களை எழுதிக்கொண்டன. கோவில் டியூப்லைட்டில் வெளிச்சம் வெளியே வரமுடியாதபடி அப்பியிருந்த பெயர், பஸ் நிறுத்தத்துப் பெஞ்சின் முதுகிலிருந்த பெயர், பள்ளிக்கூடத்து மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் ஆளுக்கு ஒன்றாக இருந்து ஓயாமல் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்த அண்ணன் தம்பி மூன்று பேரின் பெயர், எல்லாம் போய்விட்டன. கொடுத்தவர் பெயர் இருந்த இடத்தில் அதனால் பலனடைந்தவர் பெயர் வந்து உட்கார்ந்திருந்தது. ஊர்க்காரர்கள் பல் விளக்கியபடியே வாசித்துப் பார்த்துவிட்டு, இதுவும் ஒருவகையில் நியாயம்தான் என்று சொல்லிக் காப்பி குடிக்கப் போனார்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ் தங்கபுஷ்பம் தன்னுடைய டயாலிசிஸ் நிலையத்தைத் திறந்தபோது அங்கேயும் அது நடந்து முடிந்திருந்தது. இரண்டு மெஷின்களில் ஒட்டியிருந்த உபயச் சீட்டில் ஒன்பது பெயர்கள் இருந்தன. அவளிடம் வாரம் இரண்டு முறை ரத்தம் சுத்தம்செய்துகொள்ள வருகிற ஒன்பது பேர். மூன்றாம் நாள் அந்த எழுத்து மங்கும், ஆள் வந்து படுத்து நாலு மணிநேரம் கழித்து எழுந்தால் மறுபடியும் கறுக்கும். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்பதையும் வாசித்தாள். வாசலில் இடம் கேட்டுக் காத்திருக்கிற ஆறு பேரில் ஒருவன் அவள் கூடப்பிறந்த தம்பி செல்வக்கனி. அவன் பெயர் அதில் இல்லை.

ஊர் இந்த அதிசயத்தைத் தன் வழக்கப்படி போட்டியாக மாற்றிக்கொள்ள இரண்டே நாள்தான் ஆனது. எண்ணெய் மில் தனுஷ்கோடி ஊர் முகப்பில் கட்டிக்கொடுத்திருந்த அலங்கார வளைவில் ஒரே ஒரு பெயர்தான் வந்திருந்தது, உச்சிவெயிலில் அதன் நிழலில் ஒதுங்குகிற டீ மாஸ்டருடையது. அத்தனை பெரிய வளைவில் அத்தனை சின்னப் பெயரைப் பார்த்துத் தனுஷ்கோடிக்கு மானம் போயிற்று. ஆட்களை லாரியில் ஏற்றிவந்து வளைவின் கீழே நிறுத்திப் பார்த்தார், பெயர் ஏறவில்லை. நிற்கிறவர்களுக்கு மோர் கொடுத்துப் பார்த்தார், பெயர்கள் சரசரவென்று ஏறின, ஆனால் வளைவில் அல்ல, அவர் மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த மோர்ப் பானையில். அன்று முதல் அந்த அம்மாள் வீட்டில் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பித்தாள்.

நிற்க. இந்த நேரம் பார்த்துத்தான் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அய்யாத்துரையின் உயில் பிரிக்கப்பட்டது. பிள்ளையில்லாத மனுஷன், ஆயுசு முழுக்க நல்லது செய்ய நினைத்து, எது அதிக நல்லது என்று யோசித்து யோசித்தே காலத்தை ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்திருந்தார். தன் தீப்பெட்டி ஆபீசையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் கூறுபோடாமல் ஊரிலுள்ள ஐந்து தர்ம காரியங்களில் ஒன்றுக்கு முழுசாகக் கொடுக்கவேண்டும், எதற்கென்று அவற்றை நடத்துகிற ஐந்து பேருமே கூடிச் சொல்லவேண்டும், மற்ற நாலு பேர் வேலையையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்லவேண்டும், தன் காரியத்துக்குத் தானே வாக்குச் சொல்லக்கூடாது, சமமாக வந்தால் சமமானவற்றுள் மூத்ததற்கு என்று எழுதியிருந்தார். தன்னால் முடியாததை ஐந்து பேர் தலையில் கட்டிவிட்டுப் போன அந்தக் கெட்டிக்காரத்தனத்தை மெச்சத்தான் வேண்டும்.

ஆகவே தங்கபுஷ்பம் கைப்பையில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பார்க்கக் கிளம்பினாள். அந்தச் சொத்து வந்தால் மூன்றாவது மெஷின் வரும், அதை ஓட்டுவதற்கு வேண்டியதும் வரும், வாசலில் காத்திருக்கிற ஆறு பேரும் உள்ளே வருவார்கள். செல்வக்கனி இப்போது வாரம் இருமுறை இரண்டரை மணிநேரம் பஸ்ஸில் போய்ப் பெரியாஸ்பத்திரியில் செய்துகொண்டு, திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். மழை, மறியல், பஸ் பழுது என்று ஒருமுறை தவறினால் அவன் முகம் வீங்கிப்போகும். இந்த நினைப்போடுதான் அவள் பார்க்கப் போனாள், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு போகவில்லை.

மைதீன் பாயின் மத்தியானச் சாப்பாட்டுக் கொட்டகையில் பெயர்கள் பன்னிரண்டு மணிக்கு எழுந்து, எச்சில் இலை எடுத்துத் தரையைக் கழுவும்போது தாமாகவே கழுவிப்போயின. நூற்றிருபது பேர், மறுநாள் அதே நூற்றிருபது பேர். இதை நூற்றிருபது என்று எழுதுவதா, இருபது வருஷத்தால் பெருக்கி எழுதுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பாயிடம் கேட்டாள்.

“பசிய எப்படிம்மா கூட்டுறது?” என்றார் பாய். “நேத்து சாப்பிட்டதுக்கு இன்னைக்குப் பசிக்காமலா இருக்கு?”

ஓய்வுபெற்ற கண்டக்டர் அருணகிரியின் நாய்க் காப்பகத்தில் பலகை போதாமல் சுவர் முழுக்கப் பெயர் ஓடியிருந்தது. மணி, கருப்பன், டைகர் என்று சில. பெயர் வைக்கப்படாத தெருநாய்களுக்கெல்லாம் ஊர் அவற்றை எப்படிக் கூப்பிட்டதோ அப்படியே ‘ச்சூ’ என்று எழுதியிருந்தது. ச்சூ, ச்சூ, ச்சூ என்று முந்நூறுக்கு மேல். முதலில் சிரிப்பு வந்தது, பத்தாவது ‘ச்சூ’வுக்குமேல் தங்கபுஷ்பத்துக்குச் சிரிக்க முடியவில்லை.

“இதை மனுசங்க பேரோட எப்படி அண்ணாச்சி ஒப்பிட?”

“முழு டிக்கெட்டு கேக்கல, நர்சம்மா. அரை டிக்கெட்டாவது போடுங்க” என்றார் அருணகிரி.

ஜெபமணி சாரின் படிப்பகத்தில் பெயர்கள் பென்சிலால் எழுதியது மாதிரி மங்கலாக இருந்தன. அவர் பூதக்கண்ணாடி கொடுத்துக் காட்டினார். ஊரைவிட்டுப் போய்ப் பதினைந்து வருஷமான ஒருத்தியின் பெயர் இப்போதுதான் கறுக்கத் தொடங்கியிருந்தது. அவள் எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாளோ, எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கம் இப்போது அவளுக்குக் கைகொடுத்ததோ, சாருக்குத் தெரியாது. தெரியாமலே அவர் தினமும் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்.

ஐந்தாவது, சித்தாள் பேச்சியம்மாளின் கிணற்றுச்சுவர் சங்கம். சங்கம் என்றால் கட்டட வேலைக்குப் போகிற நாலு பெண்கள். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் கறிக்குழம்பு வைக்கும் நேரத்தில் இவர்கள் வேலையிடங்களில் மிஞ்சிய செங்கல்லையும் சிமெண்டையும் கேட்டு வாங்கித் தலையில் சுமந்துகொண்டு போய், தரைமட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் மொட்டைக் கிணறுகளைச் சுற்றி இடுப்புயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புவார்கள். தங்கபுஷ்பம் ஆட்டோவிலிருந்து இறங்காமலே பார்த்தாள். வெள்ளையடித்த சுவர் தெரிந்தது, பலகை எதுவும் தெரியவில்லை. பலகை இல்லாத இடத்தில் பெயருக்கு எங்கே போவது? நோட்டில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக்கொண்டு ஆட்டோவைத் திருப்பச் சொன்னாள்.

படிப்பகத்தில் ஐந்து பேரும் கூடினார்கள். ஜெபமணி சார் டயாலிசிஸ் என்றார். அருணகிரி கிணற்றுச்சுவர் என்றார். மைதீன் பாயும் கிணற்றுச்சுவர் என்றார். அப்புறம் பேச்சியம்மாள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, “நர்சம்மா மிசினுக்கு” என்றாள்.

“ஏன் பேச்சி?” என்று தங்கபுஷ்பமே கேட்டுவிட்டாள்.

“எங்க ஆளுக யாருன்னு எனக்கே தெரியாதும்மா. உங்க ஆளுக வாசல்ல வீங்கின காலோட உக்காந்திருக்காக. மொகத்தப் பாத்துட்டு வந்து மாத்திச் சொல்ல எனக்கு வாய் வரல.”

ஆக இரண்டுக்கு இரண்டு. தங்கபுஷ்பம் வாயைத் திறந்து படிப்பகம் என்று சொன்னால் போதும், டயாலிசிஸும் கிணற்றுச்சுவரும் சமமாக நிற்கும், டயாலிசிஸ் நிலையம் இரண்டு வருஷம் மூத்தது என்பதால் சொத்து அவளுக்கே வரும். தம்பிக்கு மெஷின் கிடைக்கும். நாக்கு நுனிவரை வந்த சொல்லை அருணகிரி கையைக் காட்டி நிறுத்தினார்.

“நர்சம்மா, சுவரோட எந்தப் பக்கத்தப் பாத்தீய?”

“எந்தப் பக்கம்னா? ரோட்டுப் பக்கந்தான்.”

“தண்ணி எந்தப் பக்கம் இருக்கு?”

தங்கபுஷ்பம் நாளைக்குச் சொல்லுதேன் என்று எழுந்தாள். பேச்சியம்மாளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வடக்கே பருத்திக் காட்டு வண்டிப்பாதை வளைகிற இடத்திலிருந்த கிணற்றுக்குப் போனாள்.

சுவர் அவள் இடுப்புயரம் இருந்தது. இரண்டு கையையும் அதன்மேல் ஊன்றி, உள்ளே தலையை நீட்டி, குனிந்து பார்த்தாள். பூச்சின் உள்பக்கத்தில், வெயில் படாத இடத்தில், பாசி நிறத்தில் பெயர்கள் இருந்தன. தண்ணீர் வாசிப்பதற்காக எழுதியது போல அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தாள். பால்காரர் மாடசாமி. சுள்ளி பொறுக்கப் போகிற இரண்டு பெண்கள். சிவப்பி என்ற பசுமாடு, அதன் கன்று. கண்பார்வை மங்கிய தபால்காரர். ஐந்தாறு ச்சூ. ஒரு கிணற்றில் நாற்பத்தியொரு பெயர்.

“இவுகள்லாம் யாரு?”

“யாருக்குத் தெரியும்? இங்கன வந்து முட்டினவுக, சாஞ்சவுக, கையால தடவிப் பாத்துட்டு விலகினவுகளா இருக்கும். திரும்பி வீட்டுக்குப் போயிட்டாகள்ல. போனவுக என்னத்த வந்து சொல்லுவாக? அவுகளுக்கே தெரியாதும்மா.”

தங்கபுஷ்பம் சுவரைச் சுற்றிக்கொண்டே வந்து, பாதை வளைகிற பக்கத்தில் குனிந்தாள். அங்கே செங்கல் உடைந்து மறுபடி பூசிய தடம் ஒன்று இருந்தது. அதற்கு நேர் உள்ளே, மற்றவற்றைவிடப் பெரிய எழுத்தில், செல்வக்கனி என்று இருந்தது.

இந்த இடத்தில் பதினோரு வருஷம் பின்னால் போகவேண்டும். அப்போது செல்வக்கனி ஆளும் பேருமாக, பருத்தித் தரகு பார்த்துக்கொண்டு, டிவிஎஸ் வண்டியில் முன்னும் பின்னும் மூட்டையோடு திரிந்தவன். ஒரு பொழுதடையும் நேரத்தில் இதே வளைவில் வந்து இந்தச் சுவரில் மோதினான். காறை எலும்பு உடைந்தது, முன் சக்கரமும் மட்கார்டும் நசுங்கின. பாதையோரத்தில் எவ கொண்டுவந்து சுவரை வைத்தது என்று அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கத்தினான். தங்கபுஷ்பம் அதைவிட ஒரு படி மேலே போய், பேச்சியம்மாளை ஆள்விட்டு அழைத்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினாள். நீங்க வச்ச சுவரால எந்தம்பி சாகப் பாத்தான் என்றாள். பேச்சியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சரிம்மா, இனிமே கண்ணுக்குத் தெரியுதாப்புல வெள்ளையடிச்சு வைக்கோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடியே அதற்கு முன் கட்டியது, பின் கட்டியது எல்லாவற்றுக்கும் வருஷம் தவறாமல் வெள்ளையடித்தாள். திட்டிலிருந்துகூட ஒரு நல்ல காரியத்தைப் பிரித்தெடுத்துக்கொண்ட அந்த மனுஷியை என்னவென்று சொல்ல!

சுவர் இல்லாவிட்டால் வளைவைத் தாண்டி அவன் எங்கே போயிருப்பான் என்று அன்றைக்கு அக்காளுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை. தங்கபுஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதாள். நூறு பேர் முன்னால் திட்டியதற்கு ஒருத்தரும் இல்லாத பருத்திக் காட்டில் மன்னிப்புக் கேட்பது எந்தக் கணக்கில் சேரும் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“என்னை மன்னிச்சிரு, பேச்சிக்கா” என்றாள்.

“எந்திரிங்க, சேலையில முள்ளு ஏறப்போவுது” என்றாள் பேச்சியம்மாள்.

வீட்டுக்கு வந்தபோது செல்வக்கனி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த களைப்பில் கட்டிலில் கிடந்தான். பக்கத்தில் அவனுடைய அரை லிட்டர் பாட்டில் இருந்தது. ஒரு நாளைக்கு அவன் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்துகொடுத்த தண்ணீர் அவ்வளவுதான். அதை மூடியில் ஊற்றி மூடி மூடியாகக் குடிப்பான். அக்காள் பார்த்ததை எல்லாம் சொன்னாள். ஓட்டு எப்படி நிற்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவன் பாட்டிலை எடுத்து ஒரு மூடி ஊற்றிக் குடித்தான்.

“நாற்பத்தோரு பேருன்னா சொன்ன?”

“ஒரு கிணத்துல.”

“இன்னும் சுவர் வைக்காத கிணறு?”

“சுத்துப்பட்டுல இருநூறுக்கு மேல இருக்காம்.”

“அப்ப அவுகளுக்கே சொல்லிரு, அக்கா. அவுககிட்ட நான் ஒரு தடவ வாங்கியாச்சு. பதினோரு வருசம். அது தெரியாமத்தான் இத்தன நாளா உன் வாசல்ல கியூவுல நின்னிருக்கேன்.” பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே, “அந்த மட்கார்டுக்குத்தான் இன்னும் மனசு ஆறல” என்றான்.

செல்வக்கனி தன் இடத்தை விட்டுக்கொடுக்கலாம், மற்ற ஐந்து பேர் இடத்தை யார் விட்டுக்கொடுப்பது? தங்கபுஷ்பம் அன்று மாலையே ஐந்து வீட்டுக்கும் நடந்து போனாள். மூன்று வீட்டில் கேட்டுக்கொண்டு, உங்களுக்குச் சரின்னு படுறதச் செய்யுங்க என்றார்கள். ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில், லூர்து என்ற கொத்தனாரின் மனைவி, பேச்சு முடியும் முன்பே கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு முன்னால் தங்கபுஷ்பம் நின்ற நேரம் மற்ற நாலு வீட்டிலும் உட்கார்ந்த நேரத்தைவிட அதிகம்.

மறுநாள் படிப்பகத்தில் அவள் எழுந்து, “கிணத்துச்சுவர்” என்றாள். பேச்சியம்மாள்தான் முதலில் அழுதாள்.

காத்திருந்த ஆறு பேரில் அந்த வருஷமே இரண்டு பேர் இறந்துபோனார்கள், அதில் ஒருவர் லூர்து. இதைச் சொல்லாமல் தாண்டிப்போனால் கதை சொல்கிறவன் பொய்யன் ஆவான். தங்கபுஷ்பம் இரண்டு சாவுக்கும் போனாள். லூர்துவின் மனைவி அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அது தப்பு என்று தங்கபுஷ்பம் ஒருநாளும் நினைக்கவில்லை.

தீப்பெட்டி ஆபீஸில் செங்கலும் சிமெண்டும் வந்து இறங்கின. நாலு பேராக இருந்த சங்கம் முப்பது பேராயிற்று. செல்வக்கனி கல் சுமக்க முடியாதவன், கலவை குழைக்க முடியாதவன், ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் அவனும் வந்து, எனக்கு ஒரு வேலை கொடு என்று பேச்சியம்மாளிடம் நின்றான். புதுச்சுவர் வெடிக்காமல் இறுக ஒரு வாரம் தண்ணீர் விடவேண்டும், அதைச் செய்யச் சொன்னாள். அன்று முதல் நாளுக்கு அரை லிட்டருக்குமேல் ஒரு சொட்டுக் குடிக்கக்கூடாத அந்த மனுஷன், கிணற்றில் இறைத்து வைத்த தண்ணீரைச் சின்னக் குடத்தில் மொண்டு மொண்டு சுவரைச் சுற்றிச் சுற்றி ஊற்றினான். நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டும், கண்முன்னே தண்ணீர் சலசலக்கும், உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, “நான் குடிக்க முடியாதத நீ குடி” என்று சுவரிடம் சொல்லி ஊற்றுவான். வெயிலில் சுடச்சுட நிற்கிற சிமெண்டு அதை உறிஞ்சும் சத்தத்தைக் காதைவைத்துக் கேட்பான். அவனைப் பார்த்தவர்களுக்கெல்லாம் கை தன்னால் கும்பிடப் போனது.

இதற்கிடையில் ஒரு மார்கழிக் காலையில் பலகைகளில் பழைய பெயர்கள் திரும்ப வந்துவிட்டன. தனுஷ்கோடி வளைவுக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார், ஆனால் அவர் மனைவி போட்ட மோர்ப் பந்தல் நின்றுபோகவில்லை. மற்ற இடங்களில் பெயர்கள் போனபிறகும் கிணற்றுச் சுவர்களின் உள்பக்கத்தில் மட்டும் எழுத்து வந்துகொண்டே இருந்தது. கொடுத்தவர் பெயர் ஒருபோதும் எழுதப்படாத இடம் அது, திரும்பி வருவதற்கு அங்கே பழைய பெயர் எதுவும் இல்லை.

செல்வக்கனி இரண்டு வருஷமும் நாலு மாதமும் தண்ணீர் ஊற்றினான். நூற்று முப்பத்தெட்டுச் சுவர். நூற்று முப்பத்தொன்பதாவது சுவருக்கு மூன்று நாள் ஊற்றியிருந்தபோது, பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் சாய்ந்தபடியே போய்விட்டான்.

அவனை எடுத்த மறுநாள் காலையில் தங்கபுஷ்பம் அந்தச் சுவரைப் பார்க்கப் போனாள். பேச்சியம்மாள் அங்கே தனியாக நின்றிருந்தாள். தங்கபுஷ்பம் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். உள்பக்கத்தில் பெயர் ஏதுமில்லை. ஒரு பெயரின் நீளத்துக்கு ஒரு கோடு மட்டும் ஈரமாக இருந்தது.

“என்னக்கா இது, பேரு இல்லாம?”

பேச்சியம்மாளும் குனிந்து பார்த்தாள்.

“பேருக்குரிய ஆளு இன்னும் பொறக்கல போலுக்கு” என்றாள். “காயவிட்டுறக் கூடாது. நாலு நாள் பாக்கி இருக்கு.”

அவள் குடத்தை நீட்டினாள். தங்கபுஷ்பம் வாங்கி, தம்பி ஊற்றுகிற மாதிரியே வலப்பக்கம் தொடங்கிச் சுற்றிவந்து ஊற்றினாள். இருபது குடம். கை கடுத்தது. பிறகு கைப்பையைத் திறந்து, பஸ்ஸிலிருந்து அவன் உடம்போடு வந்த அரை லிட்டர் பாட்டிலை எடுத்தாள். அதில் அன்றைக்கு அவன் குடித்தது போகப் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மூடியைத் திருகி, சுவருக்கு மேலே உடம்பைச் சாய்த்துக் கையை உள்ளே நீட்டி, பெயரில்லாத அந்தக் கோட்டின்மேல் மூடி மூடியாக அதை ஊற்றினாள்.